ஹுவான் நதியின் இரு கரைகள்

அன்யாங் நகரின் பெரிய சாலை ஒன்றில், இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே சிவப்புத் துணிப் பதாகை கட்டியிருந்தார்கள். ஏப்ரல் முதல் வாரம். சிங்மிங் திருநாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சீனர்கள் முன்னோரின் கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கி, மண் அள்ளிப் போட்டு, பழமும் மதுவும் படைத்துக் கும்பிடும் நாள் அது. "நாகரிகமாக முன்னோர் வழிபாடு செய்வோம்" என்று எழுதியிருப்பதாக வழிகாட்டிப் பெண் படித்துச் சொன்னார். தெருவில் காகிதம் கொளுத்தாதீர்கள் என்பதுதான் அதன் பொருளாம்.

அந்த வரியில் ஓர் எழுத்தை மட்டும் அவர் சொல்லாமலே அடையாளம் கண்டுகொண்டேன். 'ஜி' என்று அதைச் சொல்கிறார்கள். பலி, படையல், முன்னோர் வழிபாடு எல்லாவற்றுக்கும் அதுவே சொல். மேலே இடப்பக்கம் ஓர் இறைச்சித் துண்டு, வலப்பக்கம் அதை ஏந்தும் கை, கீழே பீடம். ஏறக்குறைய 3,200 ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊரில் ஆமை ஓட்டில் இந்த எழுத்தைக் கீறியபோது, இறைச்சியைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளும் இருந்தன. சொட்டும் ரத்தம் அது. காலப்போக்கில் புள்ளிகள் உதிர்ந்துவிட்டன. கையும் இறைச்சியும் இன்றைக்கும் பதாகையில் காற்றிலாடுகின்றன.

இந்த எழுத்து பிறந்த இடத்தைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன்.

பெய்ஜிங் மேற்கு நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால், சுமார் இரண்டரை மணி நேரத்தில் அன்யாங் கிழக்கில் இறங்கிவிடலாம். ஹெனான் மாகாணத்தின் வடகோடி. வழிநெடுகப் பச்சைக் கோதுமை வயல். வயலுக்கு நடுவில் அங்கங்கே சிறு மண்மேடுகள், அவற்றின் மேல் புதிதாகச் செருகிய காகிதப் பூக்கள். உழுகிற நிலத்திலேயே தாத்தாவும் பாட்டியும் படுத்திருக்கிறார்கள். ஏர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போகிறது.

மறுநாள் காலை, சாலையோரக் கடையில் பியன்ஃபென்சாய் சாப்பிட்டோம். அன்யாங்காரர்களின் காலை உணவு. சர்க்கரைவள்ளி மாவில் செய்த தட்டை நூடுல்ஸ், கீரை, தோஃபு, உறைந்த பன்றி ரத்தத் துண்டுகள் எல்லாம் ஒரே கிண்ணத்தில் ஆவி பறக்க வந்தன. ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ருசி புதிதில்லை. கருஞ்சிவப்புத் துண்டொன்று குழம்பின் மேல் மிதந்தது. வழிகாட்டிப் பெண் தன் கைப்பேசியில் ஓர் எழுத்தின் பழைய வடிவத்தை எடுத்துக் காட்டினார். ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு துளி. "ரத்தம் என்ற எழுத்து, லாவ்ஷி. அப்போது அது பலிக்கிண்ணம்" என்றார். மதிப்புக்குரியவர்களை 'ஆசிரியரே' என்று கூப்பிடுவது அங்கே வழக்கம். அந்தப் பயணம் முழுக்க என்னை அப்படியே கூப்பிட்டார். உண்மையில் ஆசிரியராக இருந்தது அவர்தான்.

*

நகரின் வடமேற்கில் ஷியாவ்துன் என்ற சிற்றூர். அதைத் தழுவி வளைந்து ஓடுகிறது ஹுவான் நதி. கரையில் நீர்முள்ளி உயரத்துக்குப் புல். ஏப்ரலில் தண்ணீர் குறைவு, ஓட்டம் மெதுவு. இந்த வளைவுக்குள்தான் ஷாங் அரசர்களின் கடைசித் தலைநகர் இருந்தது. கி.மு. 1250 வாக்கில் வூ டிங் மன்னன் காலத்திலிருந்து, கி.மு. 1046 வாக்கில் மேற்கிலிருந்து சோவ் படை வந்து வீழ்த்தும்வரை இருநூறு ஆண்டுகள். யின்ஷூ என்று இந்த இடத்துக்குப் பெயர். யின் நகரத்தின் பாழ்மேடு என்று பொருள். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பாழ்மேட்டை உலகம் கண்டுபிடித்தது மருந்துக் கடையின் வழியாக. ஷியாவ்துன் உழவர்களுக்கு ஏர்முனையில் பழைய எலும்புகள் அகப்படும். அவற்றை 'டிராகன் எலும்பு' என்று மருந்து வணிகர்களிடம் எடைக்கு விற்பார்கள். பொடித்தால் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து. கீறல் உள்ள எலும்புக்கு விலை குறைவு என்பதால் எழுத்தைச் சுரண்டிவிட்டு விற்றவர்களும் உண்டு என்று சொல்வார்கள். 1899இல் அப்படி வந்த எலும்புகள் பெய்ஜிங்கில் வாங் யிரோங் என்ற அறிஞரின் கைக்குக் கிடைத்தன. பழைய வெண்கலப் பாத்திரங்களின் எழுத்தைப் படித்துப் பழகிய அவருடைய கண்ணுக்கு, அது கீறல் இல்லை, எழுத்து என்று புரிந்தது.

அவர் பேரரசுக் கல்விக்கூடத்தின் தலைவர். அந்தப் பதவிக்கு 'ஜி ஜியூ' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'மது படைப்பவர்'. முதல் எழுத்து, நான் பதாகையில் பார்த்த அதே எழுத்து. பலியின் எழுத்தைப் பதவியிலேயே தாங்கிய மனிதர் பலியின் பதிவேட்டைக் கண்டெடுத்தார். மறு ஆண்டே, எட்டு நாட்டுக் கூட்டுப் படை பெய்ஜிங்குக்குள் நுழைந்தபோது, கிணற்றில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் சேர்த்ததை வாங்கிய லியூ அ, 1903இல் முதல் நூலாக அச்சிட்டார். எலும்பு எங்கிருந்து வருகிறது என்பதை வணிகர்கள் மறைத்தே வைத்திருந்தார்கள். சில ஆண்டுகள் விசாரித்து ஷியாவ்துன் என்ற பெயரை வெளிக்கொண்டுவந்தவர் லுவோ ஜென்யூ. 1917இல் வாங் குவோவெய் எலும்புகளில் வரும் அரசர் பெயர்களைக் கோத்து வரிசைப்படுத்தினார். ஷாங் வீழ்ந்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழித்து சிமா சியான் எழுதிவைத்த அரசர் பட்டியலோடு அது பெரும்பாலும் ஒத்துப்போனது. கதை என்று பலர் ஒதுக்கிய ஒரு வம்சம் அன்றைக்கு வரலாறானது. 1928இல் முறையான அகழாய்வு தொடங்கியது.

அரண்மனை வளாகத்தில் கண்ணாடி போட்டு மூடிய ஒரு குழி இருக்கிறது. ஒய்.எச். 127 என்பது அதன் எண். 1936 ஜூன் மாதம், அந்தப் பருவத்து வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் அகப்பட்டது. எழுத்துள்ள துண்டுகள் மட்டும் 17,096. அங்கேயே பிரித்தெடுக்க முடியாமல், மண்ணோடு ஒரே பாளமாக வெட்டிப் பெட்டி கட்டி, நான்ஜிங்குக்கு ரயிலேற்றி, அங்கே மாதக்கணக்கில் உட்கார்ந்து பிரித்தார்கள். எலும்புகளுக்கு இடையே குறுகிக் கிடந்த ஒரு மனித எலும்புக்கூடும் வந்தது. இந்தப் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்ட காவலராக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

*

இந்த எலும்புகள் எல்லாம் ஷாங் அரசர்கள் குறி கேட்ட பதிவுகள். குறி கேட்ட முறையை அருகில் பார்க்க ஆற்றின் மறுகரைக்குப் போக வேண்டும். 2024 பிப்ரவரியில் திறந்த புதிய யின்ஷூ அருங்காட்சியகம், வெண்கலப் பலிக்கலமான 'டிங்'கின் வடிவில் எழும்பி நிற்கிறது. உள்ளே ஏறக்குறைய 4,000 பொருட்கள். நான் ஓர் ஆமை ஓட்டின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன்.

ஆமையின் வயிற்றுப்பக்க ஓடு அது. விரித்த இரண்டு உள்ளங்கையின் அளவு. பழுத்த பலாக்கொட்டை நிறம். நடுவே மேலிருந்து கீழாக ஒரு பொருத்துக்கோடு இயற்கையாகவே ஓடுகிறது. பின்பக்கத்தைக் கண்ணாடியில் பிரதிபலிக்கும்படி வைத்திருந்தார்கள். அங்கே வரிசை வரிசையாகக் குழிகள். உளியால் நீளமாக ஒன்று, அதன் பக்கத்தில் வட்டமாக ஒன்று. ஓடு முழுவதும் துளைத்துப் போகாமல், மெல்லிய படலம் மிஞ்சும்வரை தோண்டியிருக்கிறார்கள். அந்தக் குழியில் நெருப்புக் கங்கை வைத்தால் முன்பக்கம் விரிசல் விடும். நெட்டுக்கு ஒரு கோடு, அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளை. அந்த விரிசலின் உருவமே குறிபார்த்தல் என்ற சீன எழுத்தாயிற்று. அதை இன்று 'பு' என்கிறார்கள். ஓடு வெடிக்கும் ஓசையே அந்தச் சொல் என்று கருதுவோர் உண்டு.

நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு வாக்கியம்: இன்னது நடக்கும். இடப்பக்கம் அதற்கு எதிர்: இன்னது நடக்காது. இரண்டையும் கடவுள் முன் வைத்து, எந்த விரிசல் நல்ல விரிசல் என்று அரசன் பார்ப்பான். ஒவ்வொரு விரிசலின் பக்கத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சிற்றெண்கள். எத்தனையாவது முறை கேட்டது என்ற கணக்கு அது. முழுமையான பதிவில் நான்கு பகுதிகள் இருக்கும்: எந்த நாளில் யார் குறி கேட்டது, என்ன கேட்டது, அரசன் விரிசலைப் பார்த்துச் சொன்ன வாக்கு, பிறகு உண்மையில் நடந்தது. எல்லாம் முடிந்த பின்னர் கூரிய கருவியால் கீறி, சிலவற்றில் செந்தூரமும் பூசியிருக்கிறார்கள். 3,200 ஆண்டுகள் கழித்தும் சில கோடுகளில் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என்ன கேட்டார்கள்? மழை வருமா, விளைச்சல் உண்டா, படை அனுப்பலாமா, வேட்டைக்குப் போகலாமா. இந்த ஹுவான் நதி நம் ஊருக்குக் கேடு செய்யுமா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். வூ டிங் மன்னனுக்குப் பல் வலித்தது. இறந்துபோன தந்தை தலைமுறையினரில் யாருடைய கோபம் இது என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறான். தந்தை கெங்குக்கு ஒரு நாயைப் படைத்து ஓர் ஆட்டையும் பிளந்தால் வலி தீருமா என்பதும் அதே வரிசையில் வருகிறது. அரசி ஃபூ ஹாவின் பேறுகாலத்தைப் பற்றிய பதிவு இன்னும் புகழ்பெற்றது. இன்னின்ன நாளில் பிறந்தால் நல்லது என்று அரசன் சொன்னான். 31 நாள் கழித்துக் குழந்தை பிறந்தது. நல்லதாக அமையவில்லை, பெண் குழந்தை என்று ஓடு பதிந்திருக்கிறது. அதைப் படித்துச் சொன்ன வழிகாட்டிப் பெண் ஒன்றும் பேசாமல் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார்.

இறந்தவர்கள் அவர்களுக்கு இறந்தவர்களாகவே இல்லை. ஒவ்வொரு முன்னோருக்கும் ஒரு நாள் சொந்தம். ஷாங் மக்களின் வாரத்துக்குப் பத்து நாள்; ஜியா, யி, பிங், டிங் என்று பத்துப் பெயர். அரசன் இறந்ததும் அந்தப் பத்தில் ஒன்று அவனுடைய வழிபாட்டுப் பெயரில் சேரும். டிங் என்று முடிகிற முன்னோருக்கு டிங் நாளில் படையல். அரச வம்சம் நீள நீளப் படையல்கள் பெருகின. பிற்காலத்தில் ஐந்து வகை வழிபாடுகளை ஒரு சுழற்சியாக்கி, எல்லா முன்னோருக்கும் முறை வைத்துச் செய்து முடிக்க ஏறக்குறைய ஓர் ஆண்டு பிடித்தது. ஒரு சுழற்சி முடிந்தால் ஓர் ஆண்டு என்று கணக்கே அதை வைத்துத்தான். கேட்கிற வரத்தை முன்னோர்தான் மேலே இருக்கிற 'டி' என்ற பெருந்தெய்வத்திடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அந்தப் பெருந்தெய்வத்துக்கு நேராகப் படைத்ததாகப் பதிவே இல்லை என்று சொல்லலாம்.

*

அடுத்த கூடத்தில் பலி முறைகளின் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். கொட்டிலுக்குள் நிற்கும் மாடு: பலிக்கென்றே தனியாக வளர்த்த மாடு என்று பொருள். அடுக்கிய விறகு, சுற்றித் தெறிக்கும் பொறி: எரித்துப் படைப்பது, மலைக்கும் ஆற்றுக்கும் முன்னோருக்கும் உரியது. ஓடும் நீரின் கோடுகளுக்கு நடுவே மாடு: மூழ்கடித்துப் படைப்பது, மஞ்சள் நதித் தெய்வத்துக்கு. குழிக்குள் விலங்கு: புதைத்துப் படைப்பது. இரண்டாகப் பிளப்பதற்கு ஓர் எழுத்து.

அந்த வரிசையில் ஒன்றைச் சுட்டிக்காட்டி வழிகாட்டிப் பெண் சொன்னார்: "லாவ்ஷி, பள்ளிக்கூடத்தில் இந்தப் பழைய எழுத்துகளைப் படம் மாதிரிச் சொல்லிக்கொடுப்பார்கள். சூரியன், மலை, குதிரை, ஆமை. இதை மட்டும் சொல்லிக்கொடுத்ததில்லை."

நிற்கும் ஒரு மனிதன். நீண்ட பிடியுள்ள போர்க்கோடரி. கோடரியின் அலகு மனிதனின் கழுத்தைக் குறுக்கே கடந்துபோகிறது. 'ஃபா' என்பது உச்சரிப்பு. தலை வெட்டிப் படைப்பது என்று பொருள். இன்றைக்கும் சீனர்கள் அன்றாடம் எழுதும் எழுத்து அது. மரம் வெட்டுவதைச் சொல்லும் சொல்லில் வருகிறது, நடையின் அடியைச் சொல்லும் சொல்லில் வருகிறது. குழந்தைகள் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதிப் பழகுகிறார்கள். மனிதனும் கோடரியும் அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

அதற்கு அடுத்தது ச்சியாங் என்ற எழுத்து. மேற்கே ஆடு மேய்த்து வாழ்ந்த மக்களை ஷாங் அரசு அப்படி அழைத்தது. மனித உருவம், தலையில் ஆட்டுக்கொம்பு. சில ஓடுகளில் அதே உருவத்தின் கழுத்தில் ஒரு கயிறும் உண்டு. போரில் பிடித்துவந்த அந்த மக்களை என்ன செய்வது என்பதுதான் எண்ணற்ற கேள்விகளின் பொருள். மூன்று ச்சியாங்கா, ஐந்தா, பத்தா? மாட்டோடு சேர்த்தா, தனியாகவா? வெட்டியா, எரித்தா? ஒரே படையலுக்கு 300 ச்சியாங் என்று கேட்ட பதிவும் இருக்கிறது. பதில் சரிவராவிட்டால் எண்ணைக் கூட்டி, குறைத்து மறுபடி கேட்பார்கள். காய்கறி வாங்கும் இடத்தில் நிறை பேசுவதுபோல் அந்த வாக்கியங்கள் அமைதியாக இருக்கின்றன. எனக்கு அந்த அமைதிதான் தாங்கவில்லை.

கிடைத்த சுமார் 1,50,000 துண்டுகளில் ஏறக்குறைய 4,500 வேறுபட்ட எழுத்துகள் இருக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே ஐயமின்றிப் படிக்க முடிந்திருக்கிறது. படிக்க முடிந்தவற்றைக் கொண்டு ஹூ ஹௌஷுவான் என்ற அறிஞர் நரபலி பற்றிய பதிவுகளை எல்லாம் தொகுத்துக் கூட்டினார். எண் குறிப்பிட்டவை மட்டும் 13,052 பேர். அதில் 9,021 பேர் வூ டிங் மன்னனின் காலத்துப் பதிவுகளில் வருகிறார்கள்.

*

பெண் குழந்தை பெற்ற அந்த அரசியின் கல்லறை அரண்மனைப் பகுதியிலேயே இருக்கிறது. பிற்பகல் மறுபடி ஆற்றைக் கடந்து அங்கே போனோம். 1976இல் ஜெங் ஜென்ஷியாங் என்ற பெண் தொல்லியலாளர் தலைமையில் கண்டுபிடித்தார்கள். யின்ஷூவில் திருடர் கை படாமல் கிடைத்த ஒரே அரச குடும்பக் கல்லறை இது. ஏழரை மீட்டர் ஆழம். படியிறங்கிப் போய்ப் பார்க்கலாம். 468 வெண்கலப் பொருட்கள், 755 பச்சைக்கல் பொருட்கள், வெப்பக் கடல்களில் மட்டுமே பிறக்கும் சோழிகள் 6,800க்கு மேல். கடலிலிருந்து இத்தனை தொலைவில் அவ்வளவு சோழியும் அன்று காசுக்குச் சமானம். ஃபூ ஹாவ் 13,000 பேர் கொண்ட படையோடு போருக்குப் போனதாக எலும்பு சொல்கிறது. பலிச் சடங்குகளையும் நடத்தியவர். அவருடைய இரண்டு பெரிய வெண்கலக் கோடரிகளில் ஒன்று ஒன்பது கிலோ எடை. அதன் முகத்தில் இரண்டு புலிகள் வாய் பிளந்து நிற்கின்றன. நடுவில் ஒரு மனிதத் தலை.

கல்லறைக்குள் அரசியோடு 16 பேரும் ஆறு நாய்களும். பலி கொடுக்கப்பட்ட கைதிகள் வேறு, எஜமானோடு துணைக்குப் புதைக்கப்பட்டவர்கள் வேறு என்று வழிகாட்டிப் பெண் பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். சீனத்தில் இரண்டுக்கும் இரண்டு சொல். புதைகுழியின் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். செம்மண்ணில்லை, மஞ்சளும் பழுப்பும் கலந்த மண். அடுக்கடுக்காகக் கெட்டித்திருக்கிறது.

மாலை மூன்று மணிக்கு வண்டி வைத்துக்கொண்டு ஆற்றின் வடபுறம் அரச இடுகாட்டுக்குப் போனோம். அருங்காட்சியகத்தில் இருந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. பரந்த புல்வெளி. நான்கு பக்கமும் சரிவுப்பாதை இறங்கும் பெருங்கல்லறைகள் இருந்த இடங்களைச் செடி வரிசையால் காட்டியிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் பெரிய கூட்டல் குறிகளாகத் தெரியும். 1939இல் இங்கேதான், பக்கத்து ஊர்க்காரர்கள் தோண்டியபோது, 832.84 கிலோ எடையுள்ள வெண்கலப் பலிக்கலம் கிடைத்தது. அது இப்போது பெய்ஜிங்கில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1001ஆம் எண் கல்லறையின் அடித்தளத்தில், நடுவில் ஒன்றும் மூலைகளில் இரண்டிரண்டுமாக ஒன்பது சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு காவலன், ஒரு நாய், ஓர் ஆயுதம். அரசன் உறங்கும் தரைக்கும் கீழே அவர்களைக் காவல் வைத்துவிட்டு மேலே கட்டினார்கள்.

பெருங்கல்லறைகளைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் புல்லில் நீள்சதுரங்கள் தொடங்குகின்றன. பலிக்குழிகள். இரண்டாயிரத்துக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். 1976இல் ஓரிடத்தில் மட்டும் 191 குழிகளைத் திறந்து பார்த்தபோது 1,178 பேரின் எலும்புகள் கிடைத்தன. சில குழிகளைக் கண்ணாடி மூடித் திறந்தே வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். ஆள் நீளத்துக்கு ஒரு குழி. உள்ளே பத்துப் பேர் ஒருக்களித்தும் கவிழ்ந்தும் நெருக்கமாக. கழுத்தெலும்போடு வரிசை நின்றுபோகிறது. தலைகள் இல்லை. தலைகளை வேறு குழியில் வைத்திருப்பார்கள். கண்ணாடியின் உள்பக்கம் நீர்த்துளிகள் படிந்திருந்தன. ஓரத்தில் இருந்தவருடைய கை விரல்கள் மடங்கி, மண்ணைப் பற்றியதுபோல் இருந்தன. நான் காலையில் எழுத்தாகப் பார்த்த 'ஃபா' இதுதான்.

2017இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இடுகாட்டுப் பலிக்குழிகளில் கிடந்த 68 பேரின் எலும்புகளில் உள்ள கரிமம், நைட்ரஜன், கந்தகத்தை அளந்தது. சாப்பிட்ட சாப்பாடு எலும்பில் தங்கும். வளர்ந்த ஊர் ஒன்று, கடைசி ஆண்டுகளைக் கழித்த ஊர் இன்னொன்று என்று எலும்பு சொன்னது. பிடித்துவந்த உடனே அவர்களைக் கொல்லவில்லை. சில ஆண்டுகளாவது இந்த நகரத்திலேயே இருந்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களைவிடக் குறைவான இறைச்சியோடு, பெரும்பாலும் இந்த ஊர்த் தினையைத் தின்று வாழ்ந்திருக்கிறார்கள். வேலை செய்திருக்க வேண்டும். இந்த ஆற்றில் தண்ணீர் எடுத்திருக்க வேண்டும். தென்கரை அரண்மனையில், அவர்களைப் பற்றிக் குறி கேட்டு ஓடு வெடிக்கும் நாளும் வந்திருக்கிறது.

அந்த 1,50,000 துண்டுகளில் அரசர்களின் பெயர் இருக்கிறது. அரசிகளின் பெயர் இருக்கிறது. குறி கேட்ட அலுவலர்களின் பெயரும் இருக்கிறது; நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆமை ஓட்டை யார் அனுப்பினார், யார் பதப்படுத்தினார் என்றுகூட ஓரத்தில் குறிப்பு உண்டு. பலியானவர்களில் பகைநாட்டுத் தலைவர்கள் ஒரு சிலரைத் தவிர எவருக்கும் பெயர் இல்லை. எண் மட்டும்தான். அந்த எண்ணையும் எழுதிவைத்தவர்கள் கொன்றவர்களே. அந்த எழுத்து இல்லாவிட்டால் ச்சியாங் மக்கள் இங்கே மடிந்தது நமக்குத் தெரிந்திருக்காது. நன்றி சொல்வதா, நடுங்குவதா என்று தெரியாமல் நின்றேன்.

*

ஹோட்டலுக்குத் திரும்பிய பின்பும் ஹூ ஹௌஷுவானின் கணக்கு மனத்தை விட்டுப் போகவில்லை. அதன் கடைசி வரி 104. ஷாங் வம்சத்தின் இறுதி இரண்டு அரசர்கள், டி யி, டி ஷின் காலத்துப் பதிவுகளில் வரும் நரபலி அவ்வளவுதான். குறி கேட்பதே அப்போது, வரும் பத்து நாளில் கேடில்லை என்ற வாய்பாடாகச் சுருங்கிவிட்டது. சீன வரலாற்று நூல்கள் டி ஷினைக் கொடுங்கோலர்களின் தலைவனாக நிறுத்துகின்றன. மதுக்குளம் வெட்டினான், மரத்தில் இறைச்சி தொங்கவிட்டான், நாடு அழிந்தது என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். வூ டிங்கோ வம்சத்தை நிமிர்த்திய மாமன்னன். கிடைத்த எலும்புகளின் கணக்கில் மாமன்னனுக்கு 9,021, கொடுங்கோலனுக்கும் அவன் தந்தைக்கும் சேர்த்து 104. வென்றவர்கள் எழுதிய வரலாற்றைவிட, யாரும் படிப்பார்கள் என்று நினைக்காமல் குழியில் போட்ட கணக்குக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். அரசர்களை அளக்க அதுவே நேரான கோல்.

இரவு எட்டு மணிக்கு வெளியே வந்தேன். பதாகை கட்டிய சாலையை விட்டு உள்ளே போகும் சந்தின் முனையில், வயதான ஓர் அம்மாள் குந்தியிருந்தார். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு வட்டம் போட்டு, ஒரு பக்கம் சிறு வாசல் விட்டிருந்தார். வாசல் அவருடைய குடும்பக் கல்லறை இருக்கும் திசையைப் பார்த்திருக்கும் என்று வழிகாட்டிப் பெண் முன்பே சொல்லியிருந்தார். வட்டத்துக்குள் மஞ்சள் காகிதப் பணத்தை ஒவ்வொன்றாகப் போட்டு எரித்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் யாரிடமோ பேசினார். ஓர் ஆப்பிளும் மூன்று பன்னும் வைத்திருந்தார். காகிதம் சுருண்டு கருகும்போது சிறு ஓசைகள் எழுந்தன. ஷாங்குக்குப் பின் வந்த சோவ் காலத்திலேயே நரபலி அரிதாகத் தொடங்கியது. மனிதனுக்குப் பதில் களிமண் பொம்மை, மரப்பொம்மை, கடைசியில் காகிதம் என்று படையல் மாறிவந்த நெடுங்காலம் அந்தச் சுண்ணாம்பு வட்டத்துக்குள் அடங்கியிருந்தது. முன்னோர் கேட்பார்கள் என்ற நம்பிக்கை மட்டும் மாறவில்லை. எரிந்து முடியும்வரை இருந்துவிட்டு, அந்த அம்மாள் சாம்பலைக் கூட்டி ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனார். தெரு சுத்தமாக இருந்தது.

அன்யாங் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அருங்காட்சியகத்தின் வெண்கலமும் பச்சைக்கல்லும் கண்ணைப் பறிக்கும். அங்கேயே பொழுது போய்விடும். ஃபூ ஹாவின் கல்லறையோடு திரும்பிவிடத் தோன்றும். அப்படித் திரும்பாதீர்கள். வடபுறம் இடுகாட்டுக்கும் போங்கள், அரசர்களின் குழிகளைக் கடந்து கிழக்கே நடங்கள், கண்ணாடியின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தென்கரையில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அங்கேதான் பதில் கிடக்கிறது. குழிகளில் பல மண்ணுக்கடியில் மூடித்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் புல் வளர்த்திருக்கிறார்கள்.